பாலத்தில் ஓடினால் பஸ் நிற்கும்

புங்குடுதீவு மடத்துவெளியில் நான் ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே மூன்று பேர் என்னை மறித்து, யார் செத்தது என்று கேட்டார்கள். நாற்பத்து நாலு வயதுப் பெண் ஒருத்தி விடியக்காலையில் ரோட்டில் ஓடினால் எங்கள் ஊரில் அதற்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது. இல்லாவிட்டால் பஸ் வெளிக்கிட்டுவிட்டது. மூன்றாவதாகவும் ஒரு காரணம் இருக்கலாம் என்று ஊரை நம்பவைக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. நான் ஒன்றும் தலைதெறிக்க ஓடியவள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த நாட்களில் என்னை மாடுகள் முந்திக்கொண்டு நடந்து போயின.

ஓடச் சொன்னது வைத்தியர் அல்ல. சீனி கூடிவிட்டது, ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடவுங்கோ என்றுதான் அவர் சொன்னார். நானும் நன்றாகத் தலையாட்டினேன். பஸ் தரிப்பிடத்துக்கும் வீட்டுக்கும் நடக்கிறேன்தானே, அது காணும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு வழக்கம்போல இருந்தேன். ஓட வைத்தது அக்கா. அதுவும் என்னோடு ஒரு வார்த்தை பேசாமல்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். கலியாணம் முடித்து சுவிஸுக்குப் போய் இருபத்து மூன்று வருடங்கள். அங்கே முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறாள். நான் அம்மாவோடு இங்கேயே நின்றுவிட்டேன். வேலணையில் ஒரு அரச அலுவலகத்தில் கோப்புகளோடு வேலை. எனக்குக் கலியாணம் சரிவரவில்லை. அது வேறு கதை, சொல்லவும் விருப்பமில்லை.

நாங்கள் இருவரும் பேசாமல் இருந்ததற்குக் காரணம் நான்தான். அம்மா இறந்தது விமானங்கள் பறக்காத மாதங்களில். அக்காவால் வர முடியவில்லை. யாராலும் வர முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும், பத்துப் பேர்கூடக் கூட முடியாத செத்தவீடு முடிந்து, எல்லாரும் போய், நான் தனியே இருந்த பின்னேரத்தில் அவள் போன் எடுத்து அழுதபோது எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அழுவதற்கு அங்கே அவளுக்குப் புருசன் இருந்தார், மகள் இருந்தாள். எனக்குப் பக்கத்தில் அம்மாவின் வெறும் கட்டில் இருந்தது.

"நீ எப்பவும் ஒருத்தருக்காகவும் நிண்டதில்லை அக்கா," என்றேன். "அண்டைக்கு வெளிநாடு போக எயாப்போட் வானில ஏறேக்கை ஒருக்காலாவது திரும்பிப் பாத்தனியோ? அம்மா படலையில நிண்டவ. நானும் நிண்டனான்."

அவள் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம், பொங்கலுக்கு ஒரு வாழ்த்துப் படம், தீபாவளிக்கு ஒரு வாழ்த்துப் படம், அவ்வளவுதான் எங்களுக்குள் போக்குவரத்து. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எனக்கு அது வராது. கோபம் வருகிற வேகத்தில் கால்வாசி வேகத்திலாவது அது வந்திருந்தால் இந்த வீட்டில் இவ்வளவு தனியாக இருந்திருக்க மாட்டேனோ என்று சிலவேளை யோசித்திருக்கிறேன்.

என் சீனி விசயம் எப்படியோ அவளுக்குப் போய்விட்டது. எங்கள் ஊரில் ஆட்களுக்குத்தான் குறைவு, செய்திக்குக் குறைவில்லை. அடுத்த கோவில் திருவிழாவுக்கு சுவிஸிலிருந்து வந்த ஒருவர் என் பெயர் எழுதிய ஒரு பொதியைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே ஒரு சோடிச் சப்பாத்து, அக்கா கட்டிப் பழசான ஓட்ட மணிக்கூடு ஒன்று, ஒரு துண்டுக் கடுதாசி. கடுதாசியில் அவளுடைய சாய்ந்த எழுத்தில் ‘ஞாயிற்றுக்கிழமை. ஐந்து கிலோமீற்றர்’ என்று மட்டும் இருந்தது. சுகமா என்றுகூட இல்லை. சப்பாத்து எனக்கு அளவாக இருந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் என் கால் அளவு அவளுக்குத் தெரிந்திருந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது.

மணிக்கூட்டை எப்படிப் பாவிப்பது என்று அக்காவின் மகள் போனில் சொல்லித்தந்தாள். ஐந்து கிலோமீற்றர் என்று வைத்துவிட்டு ஓடத் தொடங்கினால், அந்தத் தூரம் முடிந்ததும் மணிக்கூடு ஒரு சத்தம் போட்டுவிட்டுத் தானாக நிற்கும். எடுத்த நேரத்தை என் போன் வழியாக அக்காவுக்கு அனுப்பிவிடும். அக்கா ஓடினால் அவளுடைய நேரம் எனக்கு வரும். எந்த இடத்தில் வேகமாக ஓடினோம், எந்த இடத்தில் மூச்சு வாங்கினோம் என்பதையெல்லாம் அந்தப் பழைய மணிக்கூடு அனுப்பாது. தூரம், நேரம், அவ்வளவுதான். சண்டை பிடித்த இரண்டு பேருக்கு அது போதும்.

முதல் நாள் இரண்டு மின்கம்பங்களுக்கு இடையில் ஓடிவிட்டு மூன்றாவது கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சு வாய்வழியாக வந்துவிடும் போல இருந்தது. சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, "என்ன பிள்ளை, தலைசுத்தோ?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். ஓடுகிறேன் என்று சொல்வதைவிட அது லேசாக இருந்தது.

பிறகு எனக்கு நானே ஒரு முறை வகுத்துக்கொண்டேன். ஒரு கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை. இரண்டு வாரம் கழித்து இரண்டு கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை. ஆசைப்பட்டு வேகத்தைக் கூட்டினால் அடுத்த நாள் முழங்கால் அலுவலகப் படிகளில் என்னைக் கேள்வி கேட்கும். வாயைத் திறக்காமல் மூக்கால் மூச்சு விடக்கூடிய அளவுக்கு மெதுவாக ஓடினால் கம்பங்கள் தாமாகக் கூடும். இந்தச் சின்ன விசயத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் போனது. பொறுமை என்பது என்னிடம் எப்போதும் இருந்ததில்லை. அதைக் கால்தான் எனக்குப் படிப்பித்தது.

எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடுகள். விளக்கு எரிவது என் வீட்டிலும் தொங்கலில் கடைசி வீட்டிலும்தான். மற்ற வீட்டுக்காரர்கள் கனடாவில், பிரான்சில், சுவிஸில். படலைகளில் பூட்டுகள் தொங்கும். கம்பங்களை எண்ணிக் களைத்தால் பூட்டுகளை எண்ணுவேன். குறுக்கே ஆட்கள் வராத ரோட்டு ஓடுகிறவர்களுக்கு நல்லதாம், அக்காவின் மகள் சொன்னாள். எனக்கு அது நல்லதாக இருக்கவில்லை. யாராவது குறுக்கே வந்து என்ன அவசரம் என்று கேட்கமாட்டார்களா என்று இருக்கும். செத்தது யார் என்று விசாரித்தவர்களும் ஒரு மாதத்தில் கேட்பதை விட்டுவிட்டார்கள். ஒரு வெள்ளை நாய் மட்டும் சந்தி வரைக்கும் என்னோடு ஓடிவரும். சந்தி அதன் எல்லை. அங்கே நின்று நான் போவதைப் பார்க்கும். நான் திரும்பி வரும்போது அது அங்கே இருக்காது.

சந்தியைத் தாண்டினால் பாலம். புங்குடுதீவையும் வேலணையையும் தொடுக்கிற அந்த ரோட்டை நாங்கள் பாலம் என்றுதான் சொல்வோம். உண்மையில் அது கடலுக்குள் கல்லும் மண்ணும் கொட்டிப் போட்ட நீண்ட தெரு. இரண்டு பக்கமும் முழங்காலளவு கடல், வலை கட்ட நட்டுவைத்த கம்புகள், கரையொதுங்கிக் காய்கிற சாதாழைக் கடற்புல்லின் மணம். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. சந்தியிலிருந்து சரியாக இரண்டரைக் கிலோமீற்றரில், யாரோ கறுப்புப் பூச்சால் ஒரு இலக்கம் எழுதிவிட்டுப் போன கல் ஒன்று இருந்தது. அந்தக் கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்புவேன். சோளகக் காற்று வீசுகிற மாதங்களில், போகும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். நான் பெரிய ஓட்டக்காரி என்ற நினைப்போடு கல்லடிக்குப் போய்விடுவேன். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கைவைக்கும். அப்போது எல்லா நினைப்பும் போய்விடும்.

முதன்முதலாக ஐந்தையும் நிற்காமல் ஓடி முடித்த ஞாயிறு எனக்கு ஐம்பத்திரண்டு நிமிடம். வீட்டுக்கு வந்து படியில் இருந்து அழுதேன். ஏன் என்று கேட்க ஒருவரும் இல்லாததால் நன்றாகவே அழுதேன். பகல் பன்னிரண்டு மணியளவில் அக்காவின் நேரம் வந்தது. நாற்பத்தொன்பது.

நான் நாற்பத்தேழுக்கு வந்தபோது அவள் நாற்பத்து நாலு. நான் நாற்பத்தொன்றுக்கு வந்தேன், அவள் முப்பத்தெட்டு. ஒவ்வொரு ஞாயிறும் அவள் என்னைவிட மூன்று நிமிடம் முன்னால் நின்றாள். விநாடிக் கணக்கில்தான் அங்கே இங்கே கொஞ்சம் மாறும். நான் காலை ஆறு மணிக்கு ஓடினால் அவளுடைய நேரம் மத்தியானம்தான் வரும். அங்கே விடிய நேரமாகும், ஞாயிறு ஆறுதலாக எழும்பி ஓடுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ஆறுதலாக எழும்பியும் என்னை ஒருநாளாவது வெல்ல விடமாட்டேன் என்கிறாளே என்று பல்லைக் கடிப்பேன். பள்ளிக்கூடம் போகும்போதும் அவள் இப்படித்தான் எனக்கு முன்னால் போவாள்.

என்றாலும் அந்த ஒரு இலக்கத்துக்காகத்தான் நான் வாரம் முழுவதும் இருந்தேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஞாயிறு பன்னிரண்டு மணிக்குக் குசினி மேசையில் போன் ஒருமுறை அதிரும். அந்த வீட்டில் எனக்கென்று கேட்கிற சத்தம் அது ஒன்றுதான். அதுவும் நின்றுபோனால் எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள் என்பதற்கு வேறு அத்தாட்சி இல்லை. அதனால் மழை பெய்தாலும், கால் வலித்தாலும், ஞாயிறு மட்டும் தவறவிட்டதில்லை.

இனி பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலத்தில் ஆளை விட்டுவிட்டுப் போவதில்லை என்பது எங்கள் பக்கத்துப் பஸ்காரரின் வழக்கம். அங்கே தரிப்பிடம் இருக்கிறதா, அந்த ஆள் கை காட்டினாரா என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். அடுத்த பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத அந்த வெட்டவெளியில் ஒரு மனிசரைக் கண்டால் பிரேக் போடுவார்கள். அதுவும் ஓடுகிற மனிசர் என்றால் கேட்கவே வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகாட்டுவானுக்கு வருகிற காலைப் பஸ், நான் கல்லைத் தொட்டுத் திரும்பிக் கொஞ்சத் தூரத்தில் எனக்குப் பின்னால் வரும். படகேறி நயினாதீவுக் கோவிலுக்குப் போகிறவர்கள் பூவும் பையுமாக நிறைந்திருப்பார்கள். முதல் நாள் பஸ் என்னைத் தாண்டிப்போய்ப் புழுதி கிளப்பிக்கொண்டு நின்றது. நடத்துனர் கதவில் தொங்கிக்கொண்டு கூப்பிட்டார்.

"ஓடாதேங்கோ அக்கா, நிக்கிறம்!"

"நான் பஸ்ஸுக்கு ஓடேல்லை தம்பி."

"பின்னை எதுக்கு ஓடுறியள்?"

யன்னல்களிலிருந்து முப்பது தலைகள் என் பதிலுக்குக் காத்திருந்தன. சீனி வருத்தம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அக்கா மூன்று நிமிடம் முன்னால் நிற்கிறாள் என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. "சும்மா," என்றேன். பஸ்ஸுக்குள் பெரிய சிரிப்பு எழுந்தது. அதற்குப் பிறகும் அந்தப் பஸ் ஒவ்வொரு ஞாயிறும் நின்றது. நான் ஒவ்வொரு ஞாயிறும் கையை ஆட்டிப் போகச் சொன்னேன். அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. என்றாவது ஒருநாள் ஏறத்தான் போகிறாள் என்று இருந்தார்கள்.

அந்த ஒருநாள் ஆடி மாதத்தில் வந்தது. சோளகம் விசர் பிடித்ததுபோல் வீசிய காலை. போகும்போது பறந்தேன். பத்தொன்பது நிமிடத்தில் கல்லடிக்குப் போய்விட்டேன். திரும்பியதும் காற்று முகத்தில் அறைந்தது. மண் கண்ணுக்குள், கடல் தண்ணீர் வாய்க்குள். அரைக் கிலோமீற்றர் தாண்டியதும் கால் நடுங்கத் தொடங்கியது. முதல்நாள் பின்னேரத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, தனியாக இருக்கிறவர்களின் சோம்பல்தான். கண் முன்னால் ரோட்டு மெல்ல ஆடியபோது பின்னால் பஸ் வந்து நின்றது.

"ஓடாதேங்கோ அக்கா, நிக்கிறம்!"

கையை ஆட்டினேன். பஸ் போகவில்லை. முன் இருக்கையில் இருந்த ஒரு அம்மா யன்னலால் தலையை நீட்டி, "ஏறு பிள்ளை, முகம் வெளிறிப்போய்க் கிடக்கு. சாமியைக் கும்பிடப் போற எங்களுக்கு ஏன் பாவத்தைத் தாறாய்?" என்று அதட்டினார். என்னை அதட்டுவதற்கு ஒருவர் இருந்து எவ்வளவு காலம். ஏறிவிட்டேன். நடத்துனரின் முகத்தில் ஒரு வருடம் காத்திருந்தவனின் திருப்தி இருந்தது.

ஏறினேனே தவிர அது பஸ் ஓட்டமாக இருக்கவில்லை. ரோட்டு முழுக்கக் குழி, எதிரே காற்று, பழைய எஞ்சின். பஸ் முக்கி முக்கி ஊர்ந்தது. நடுவழியில் நின்று, நண்டுக் கூடையோடு நின்ற ஒருவரை ஏற்றி, கூடைக்கு இடம் தேடி, மறுபடியும் முக்கியது. அந்த அம்மா தந்த தண்ணீரைக் குடித்தேன், ஒரு வாழைப்பழம் சாப்பிட்டேன். சந்தியில் இறங்கி நாலு எட்டு வைத்தபோது என் கையில் மணிக்கூடு சத்தம் போட்டது. அப்படியொன்று கையில் இருப்பதையே நான் மறந்துபோயிருந்தேன். ஐந்து கிலோமீற்றர். முப்பத்து மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி.

பஸ் ஒரு நல்ல பஸ்ஸாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பத்துப் பதினைந்து நிமிடம் குறைந்திருக்கும், அக்கா பார்த்தவுடன் மணிக்கூடு பழுது என்று விட்டிருப்பாள். இது என்னைவிடக் கொஞ்சம்தான் வேகமாகப் போகிற பஸ். ஆரும் நம்பக்கூடிய பொய்யாக வந்து விழுந்தது.

உடனே எழுதிவிடத்தான் நினைத்தேன். தலைசுற்றல் தீரட்டும், அவளுடைய நேரம் வரட்டும், அதற்குக் கீழே எழுதுவோம் என்று இருந்தேன். பன்னிரண்டரைக்குப் போன் அதிர்ந்தது. முப்பத்தாறு பதினைந்து. முதல் தடவையாக அவள் எனக்குப் பின்னால். நான் எழுதத் தொடங்குமுன் மறுபடியும் அதிர்ந்தது. இந்த முறை இலக்கமில்லை, எழுத்து. ‘முப்பத்து மூண்டோ! கெட்டிக்காரி. உன்னைப் பிடிக்க என்னால ஏலாமல் போச்சு. அம்மா இருந்திருந்தால் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பா.’

அந்தத் துண்டுக் கடுதாசியை விட்டால், செத்தவீட்டுக்குப் பிறகு அக்கா எனக்கு எழுதிய முதல் வார்த்தைகள் அவை. எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. அம்மா என்ற சொல்லை எங்கள் இரண்டு பேரில் ஒருவர் மறுபடி எழுதிவிட்டோம். இதற்குக் கீழே, அது பஸ் ஓடினது என்று எப்படி எழுதுவது? நான் எழுதவில்லை. ஒரு ‘ம்’கூடப் போடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உலையில் அரிசி போட்டேன்.

அன்றிரவே ஒரு நியாயம் கண்டுபிடித்துவிட்டேன். முப்பத்து மூன்றை உண்மையாகவே ஓடிவிட்டால் பொய் பொய்யாக இருக்காது. அதுவரைக்கும் அக்காவுக்கு ஒன்றும் போகக்கூடாது. நாற்பத்தொன்று போனால் அவளுக்கு விளங்கிவிடும். மணிக்கூட்டைக் கழற்றி அலுமாரிக்குள் அம்மாவின் சேலைகளுக்கு மேல் வைத்தேன். போனில் நேரம் பார்த்து வெறும் கையோடு ஓடத் தொடங்கினேன்.

அப்படி நான் ஒன்றுக்கும் பாடுபட்டதில்லை. வேலையால் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, கரை மணலில் கால் புதையப் புதைய ஓடினேன். இரண்டு கம்பம் வேகம், ஒரு கம்பம் ஆறுதல் என்று பத்துத் தரம். காலையில் இரண்டு முட்டை, வெறும் வயிற்றோடு ஓட்டமில்லை. ஒழுங்கையின் தொங்கல் வீட்டு அக்கா படலையில் நின்று, "உமக்கு என்ன பிள்ளை, ஒலிம்பிக்கோ?" என்று கேட்டா. காற்றில்லாத ஒரு காலை முப்பத்தெட்டு நிமிடம் வந்தது. நான் என் வாழ்க்கையில் ஓடிய மிக நல்ல ஓட்டம் அது. யாருக்கும் சொல்ல முடியவில்லை. சந்தியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, இதை அக்கா பார்த்திருந்தால் என்று நினைத்தபோதுதான் எனக்கே என்மேல் சிரிப்பு வந்தது. அதற்கடுத்த வாரம் முழங்கால் வீங்கியது.

இதற்கிடையில் அக்காவும் ஒன்றும் அனுப்பவில்லை. முதல் ஞாயிறு அது எனக்கு ஆறுதலாக இருந்தது. இரண்டாவது ஞாயிறு, ஒருதரம் தோற்றவுடன் கோபம் வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். எனக்குப் பழக்கமான நினைப்பு அது. மூன்றாவது ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு மேசைக்கு முன்னால் இருந்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது அதிரவில்லை. நாலாவது ஞாயிறும் இல்லை. ஐந்தாவது ஞாயிறு எனக்குப் பயம் பிடித்தது. ஒரு பொய்யால் நான் அந்தக் கடைசிக் கயிற்றையும் அறுத்துவிட்டேன். அந்தப் பகல் முழுவதும் வீட்டில் ஒரு பல்லியும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் அக்காவின் மகள் போன் எடுத்தாள்.

"சித்தி, நீங்கள் ஏன் ஓடேல்லை? வருத்தமோ?"

"கொம்மாவும்தானே ஓடேல்லை," என்றேன். என் குரலில் இன்னும் கோபம் இருந்தது.

"நீங்கள் ஓடாமல் அம்மா எப்பிடி ஓடுறது?"

எனக்கு விளங்கவில்லை. அவள் அங்கே பிறந்த பிள்ளை, அவசரப்பட்டால் தமிழ் தடுக்கும். மெல்ல மெல்லச் சொன்னாள். "மற்ற நாளெல்லாம் அம்மா தன்ரை பாட்டுக்கு ஓடுவா. ஞாயிறு மட்டும் எழும்பின உடன போனைப் பாப்பா. உங்கடை நேரம் வந்து கிடக்கும். அதைப் பாத்திட்டு, அதிலை மூண்டு நிமிசம் குறைச்சு, அந்த நேரத்தைக் கையிலை பேனையால எழுதிக்கொண்டுதான் வெளிக்கிடுவா. கடைசி ஒழுங்கையிலை மணிக்கூட்டைப் பாத்துப் பாத்து நடந்தெல்லாம் வருவா. சரியா மூண்டு நிமிசம் முன்னுக்கு நிக்கவேணுமாம். கூடத் தூரம் போனால் தங்கச்சி கைவிட்டிடுவாளாம். கிட்ட நிண்டால் அவள் ஓடமாட்டாளாம்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இப்ப அஞ்சு ஞாயிறா உங்கடை நேரம் வரேல்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதிரையிலை இருக்கிறா. மத்தியானம்தான் கழட்டுறா. நீங்கள் முப்பத்து மூண்டு ஓடின அண்டைக்கு முப்பதிலை வரவேணும் எண்டு போய், வந்து சத்தி எடுத்தவ. ஆனா சரியான சந்தோசம் சித்தி. வேலை செய்யிற இடத்திலையும் எல்லாருக்கும் சொன்னவ. சித்தி, நீங்கள் இனி அம்மாவோட ஓடமாட்டீங்களோ?"

முழங்கால் வீங்கிக் கிடக்கு, எண்டாலும் ஓடுவன் பிள்ளை என்று சொன்னதாக நினைவு. போனை வைத்த பிறகு கட்டிலில் போய் இருந்தேன். ஒருத்தருக்காகவும் நிற்காதவள் என்று நான் சொன்னவள், ஒவ்வொரு ஞாயிறும் எனக்காக நின்று நின்று ஓடியிருக்கிறாள். நான் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். வெட்கத்தில் முகம் எரிந்தது.

விடிய அலுமாரியிலிருந்து மணிக்கூட்டை எடுத்துக் கட்டினேன். நாய் சந்தி வரைக்கும் வந்தது. முழங்கால் இன்னும் சரியாகவில்லை, காற்றும் குறையவில்லை. கல்லைத் தொட்டுத் திரும்பினேன். பஸ் வந்து நின்றது.

"கனநாளாய்க் காணேல்லை! ஓடாதேங்கோ அக்கா, நிக்கிறம்!"

"இல்லைத் தம்பி, போங்கோ. இண்டைக்கு ஏற ஏலாது."

நான் சொன்ன விதத்தில் என்ன கேட்டாரோ தெரியாது, இந்தமுறை அவர் சிரிக்கவில்லை. பஸ் கொஞ்சத் தூரம் என் பக்கத்திலேயே ஊர்ந்து வந்து பிறகு போனது. மீதித் தூரம் முழுவதும் நானும் காற்றும்தான். சந்தியில் மணிக்கூடு சத்தம் போட்டபோது நாற்பத்து மூன்று நிமிடம் நாற்பது விநாடி. நேரம் தானாகப் போய்விட்டது. அதற்குக் கீழே ரோட்டில் நின்றபடியே எழுதினேன்.

‘அக்கா, அந்த முப்பத்து மூண்டு நான் ஓடினதில்லை. திரும்பி வரேக்கை பஸ்ஸில ஏறினனான். நீ ஒருத்தருக்காகவும் நிண்டதில்லை எண்டு சொன்னதும் பொய். ரெண்டும் என்ரை பொய்.’

வீட்டுக்கு வந்து குசினி மேசைக்கு முன்னால் இருந்தேன். எட்டு மணி ஆனது, ஒன்பது ஆனது. அங்கே இன்னும் விடிந்திருக்காது. பத்து மணிக்கு அவள் எழும்பிப் பார்த்திருப்பாள். பதினொன்றுக்கும் ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டுக்கும் வரவில்லை. மூன்று வருடக் கோபத்தை அவள் இப்போதுதான் காட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அதற்கு அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு.

பன்னிரண்டு இருபதுக்குப் போன் அதிர்ந்தது. நாற்பது நிமிடம் முப்பத்தொன்பது விநாடி.

பிறகு ஒரு வரி வந்தது. ‘அண்டைக்குத் திரும்பிப் பாத்திருந்தால் நான் அந்த வானில ஏறியிருக்க மாட்டன்.’

அதை நான் திரும்பவும் வாசித்துக்கொண்டிருக்க, இன்னொன்று வந்தது. ‘முழங்காலுக்கு எண்ணெய் பூசு. மெல்லமா வா. நிக்கிறன்.’

அழுதுமுடித்துத் தண்ணீர் குடிக்க எழும்பியபோதுதான் பார்த்தேன், காலையிலிருந்து நான் சப்பாத்தைக் கழற்றவே இல்லை.